இருபத்தாறாவது கட்டு

தொண்ணூற்றேழாம் வருஷம், மாசி மாதம். திருவண்ணாமலையில் பே கோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு பைண்டிங் கூடத்தில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். தகரக் கூரை, ஒரே ஒரு பெரிய ஜன்னல், நடுவில் நீளமான மேஜை, மூலையில் பசை வாளி. மழைக்காலத்தில் காகிதம் நமுத்துப்போகும். வெயில் காலத்தில் நாங்கள் நமுத்துப்போவோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். அதோடு, பயந்த சுபாவம். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகும், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தரம் இழுப்பேன். ஸ்டவ்வை அணைத்தோமா, தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று வேலைக்கு நடுவில் திடீரென்று சந்தேகம் வந்து பிடிக்கும். என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறார். அவர் அரைமணி நேரம் தாமதமானால் நான் மனசுக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடுவேன். "கவலப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் இல்லன்னு அதுக்கும் ஒரு கவலப்படுவடீ நீ" என்பார்.

எங்கள் கூடத்தில் பெரும்பாலும் பள்ளிக்கூட நோட்டுகள்தான். நாற்பது பக்க நோட்டு, எண்பது பக்க நோட்டு, கடைகளுக்குப் பில் புத்தகம். எழுத்தே இல்லாத வெறும் கோடு போட்ட தாள்களை மடிப்பதில் தப்பு நடந்தால்கூட யாருக்கும் தெரியாது. அப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் நிஜமான புத்தகம் ஒன்று வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு பதிப்பக அக்கா. பதிப்பகம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் அது. முதலாளி, கணக்கர், மூட்டை தூக்குகிறவர் எல்லாமே அந்த அக்காதான். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ சின்னப் புத்தகங்கள் போடுவார். போட்டதை இரண்டு துணிப்பையில் திணித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போவார். வாங்குகிறவர்களுக்கு விற்பார். வாங்க முடியாதவர்களுக்குச் சும்மா கொடுப்பார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே புத்தகம் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் போடும் எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் ஐந்து கோடுகள் இருக்கும். படித்தவர் தன் பெயரை ஒரு கோட்டில் எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது அவருடைய பதிப்பகத்தின் ஒரே சட்டம்.

இந்தமுறை அவர் கொண்டுவந்தது விஞ்ஞானத்தில் சாதித்த பெண்களைப் பற்றிய புத்தகம். ஆயிரம் பிரதி. ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் வெளியிட்டு, அங்கே படிக்கிற அறுநூறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பதாக ஏற்பாடு. புத்தகத்தில் வரும் பெண்களில் ஒருவரே வந்து வெளியிடப்போகிறார் என்றார்.

"நோட்டு தெக்கிற கையாச்சே, புக்கு வருமா?" என்று பைண்டிங் கூடத்து முதலாளி எங்களைப் பார்த்துக் கேட்டார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "நான் பாத்துக்கறங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நிமிஷமே ஏன் சொன்னோம் என்று வியர்த்தது.

வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். இந்தப் புத்தகத்துக்கு எட்டு ஃபாரம். மேஜையைச் சுற்றி எட்டு அடுக்காக அவற்றை வைத்துவிடுவோம். பெண்கள் மேஜையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று எடுத்து, முந்தியதன் கீழே வைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். பிறகு நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி, கடைசியில் ஓரம் வெட்டுவோம். ஓரம் வெட்டும்வரை பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியேதான் இருக்கும். மேலோட்டமாகப் புரட்டிப் பார்க்க முடியாது.

சுற்றி எடுத்தவற்றை இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சணல் போட்டுக் கட்டுவது என் வேலை. முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்ப்பேன். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் கட்டு எண், கிழமை, காலையா மத்தியானமா என்று எழுதிச் சணலில் செருகுவேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எண்ணிக்கை குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நானே வைத்துக்கொண்ட பழக்கம். தைக்கும்போது கட்டுக்குள் வரிசை கலையக் கூடாது என்று வேறு நச்சரிப்பேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர் எங்களோடு இருந்தார். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "தே பாரு, கலெக்டராபீஸ் கிளார்க்கு சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. எங்களுக்கும் ஒரு சீட்டு எழுதி இடுப்புல சொருவி உட்டுடு" என்பார். நான் அடுத்த கட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன்.

நான்கு நாள் ஓடியது. ஆயிரமும் தைத்து, நாற்பது கட்டுகளாகச் சுவரோரம் அடுக்கியாகிவிட்டது. வெளியீட்டுக்கு முதல்நாள் காலை. மத்தியானத்துக்குமேல் அட்டை ஒட்டி, மறுநாள் விடிந்ததும் ஓரம் வெட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தோம். எனக்கும் நிம்மதி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிம்மதியில்தான் ஒரு ஆசை வந்தது. எழுத்துக்கூட்டியாவது இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்று நாற்பதாவது கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். மூங்கில் பட்டையால் பக்கங்களைக் கிழித்துப் பிரித்துக்கொண்டே படித்தேன். பதினாறாம் பக்கம் முடியும்போது ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க முடியாது என்று வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று திருப்பினேன். தொண்ணூற்று ஏழாம் பக்கம்.

மறுபடி பார்த்தேன். பதினாறு. தொண்ணூற்று ஏழு.

மேலே திருப்பினேன். தொண்ணூற்று ஏழில் தொடங்கிய ஃபாரத்துக்குப் பிறகு எண்பத்தொன்று. அதற்குப் பிறகு அறுபத்தைந்து. நடுவில் இருந்த ஆறு ஃபாரமும் தலைகீழ் வரிசையில் இருந்தன. முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும் மட்டும் ஒழுங்காக, நான் பார்க்கிற அந்த இரண்டு மட்டும், சாதுவாக அவற்றின் இடத்தில் இருந்தன.

நியாயமாகப் பார்த்தால் இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதுவும் தப்பாக இருந்துவிட்டால்? அடுத்ததும்? கவலைப்படுகிறவர்களுக்கு இது தெரியும். கவலைப்படத்தான் நமக்குத் தைரியம் இருக்கும், திறந்து பார்க்க இருக்காது. கையிலிருந்ததைப் பசை வாளிக்குப் பின்னால் சொருகி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். சாமி, எல்லாம் இந்த ஒண்ணோட போவட்டும் என்று மலை இருக்கிற திசையில் பார்த்துக் கும்பிட்டேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. பதிப்பக அக்காவும், கூடவே ஒரு அம்மாவும் இறங்கினார்கள்.

புத்தகத்தை வெளியிட வந்த விஞ்ஞானி அவர்தான். விஞ்ஞானி என்றால் எப்படி இருப்பார் என்று நான் ஏதேதோ நினைத்து வைத்திருந்தேன். இவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, வெயிலில் கறுத்த முகம். ரப்பர் செருப்பு. நூல் புடவையின் ஓரத்தில் செம்மண் கறை. எங்கள் மாவட்டத்தில் பிறந்தவராம். செடிகளுக்கு வரும் நோயை ஆராய்ச்சி செய்கிறவர்.

கீழ்பென்னாத்தூர் அக்கா சும்மா இருப்பாரா? "என்னா செடிங்கம்மா?"

"மல்லாட்டை." வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

"மல்லாட்டையா! அதுக்குப் போயா இம்மாம் படிப்பு படிச்சீங்க? எங்க ஊருல ஆடுமாடுகூட அத தெரிஞ்சி வெச்சிருக்குது."

"ஆமா, ஆட்டுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல. அதான் இருபது வருசமா பாத்துக்கினு இருக்கேன்" என்று அந்த அம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரிக்கிற மாதிரி செய்தேன்.

"எங்க, என் பக்கத்தக் காட்டுங்க பாப்போம்" என்றார். என் கை தானாக முதல் கட்டுக்குப் போயிற்று. ஒன்றை உருவிப் பிரித்தேன். பதினாறுக்குப் பிறகு பதினேழு வந்தது. உயிர் வந்தது எனக்கு. எண்பத்தைந்தாம் பக்கம் வரைக்கும் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவர் படம் இருந்தது. வயலில் குனிந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிற படம்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். நல்ல புத்தகமும் இருக்கிறது. எத்தனை என்று தெரியாவிட்டாலும் இருக்கிறது. அவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் ஏதாவது செய்துகொள்ளலாம்.

"நீங்க என்னங்கம்மா கண்டுபுடிச்சீங்க?" என்று கீழ்பென்னாத்தூர் அக்கா மறுபடி கேட்டார்.

"மொதல்ல தப்பாத்தான் கண்டுபுடிச்சேன்" என்றார் அவர். அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். ஒருமுறை இரண்டு ரக விதைகளைப் பாத்தி பாத்தியாகப் போட்டு, எது நோயைத் தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பாத்திக்குப் பாத்தி அடையாளக் குச்சி. களை எடுக்கும்போது யாரோ குச்சிகளைப் பிடுங்கிவிட்டு, பிறகு மாற்றி நட்டுவிட்டார்கள். அது தெரியாமல் இரண்டு வருஷம் நல்ல விதையைக் கெட்டது என்றும், கெட்டதை நல்லது என்றும் எழுதி வைத்திருக்கிறார். தெரிந்த அன்று பம்புசெட்டு மேட்டில் உட்கார்ந்து அழுதாராம். அப்புறம் எழுந்து போய், நோட்டில் சிவப்பு மசியில் 'இந்தத் தேதியிலிருந்து எழுதியது தப்பு' என்று எழுதி, தன் மேலதிகாரிகள் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

"இதெல்லாம் இதுல போட்டிருக்காங்களா?" என்று எங்கள் முதலாளி புத்தகத்தைக் காட்டி ஆச்சரியமாகக் கேட்டார்.

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் அந்த அம்மா. "புள்ளைங்க படிக்கிறதாச்சே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் தப்பை ஆயிரம் பிரதி அச்சடிக்கக் கொடுத்த மனுஷி என் எதிரில் நிற்கிறார். என் ஒரு தப்பு பசை வாளிக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடக்கிறது. நான் எப்படி நடந்தேன் என்று தெரியாது. சாக்கை விலக்கி அதை எடுத்து வந்து, பதிப்பக அக்காவின் கையில் கொடுத்தேன். பதினாறாம் பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினேன்.

அக்கா புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் வெளுத்தது. அப்படியே காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன புக்கு இப்பிடி?" என்று முதலாளி கேட்டார்.

"தெரியலங்க."

"தெரியலன்னா? ஒண்ணா, நூறா, ஆயிரமா?"

"தெரியலங்க."

"நான் பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு வாய் கிழிய சொன்னியே, இதானா பாத்த லட்சணம்? நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் புள்ளைங்க வந்து உக்காருமே, நோட்டு குடுக்கறதா அதுங்களுக்கு? ஆயிரத்தையும் ஒண்ணொண்ணா பிரிக்கணும் இப்ப. போ, நாளையிலேர்ந்து வேலைக்கே..."

"ஒரு நிமிசங்க" என்றார் அந்த அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. சுவரோரம் போய் நின்று, சணலில் செருகியிருந்த என் துண்டுச்சீட்டு ஒன்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் எழுதறது?"

நான்தான் என்றேன். அதுவும் ஒரு தப்போ என்று தோன்றியது.

"எல்லாக் கட்டுலயும் இருக்குதா? சேத்த வரிசையிலதான் நம்பரா?"

"ஆமாம்மா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பசித்தவர் முன்னால் இலை போட்டமாதிரி. திரும்பி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். எங்கே தப்பு என்று கேட்கவில்லை. யார் செய்தது என்றும் கேட்கவில்லை.

"எது வரைக்கும் சரியா இருந்துச்சு?"

"மொதக் கட்டு சரிங்கம்மா. நாப்பதாவது தப்பு. நடுவுல தெரியாது."

"அப்ப நடுவுலதான் பாக்கணும். இருபதாவது கட்டுல ஒண்ண எடு."

எடுத்தேன். முழுக்கப் பிரிக்க வேண்டாம், இரண்டாவது ஃபாரத்தின் முதல் பக்கம் மட்டும் பார் என்றார். பதினேழு என்றால் சரி, தொண்ணூற்று ஏழு என்றால் தப்பு. பார்த்தேன். பதினேழு.

"சரியா? அப்ப ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் இப்பத்திக்கு உட்டுடு. முப்பது எடு."

தொண்ணூற்று ஏழு.

"முப்பதுக்கு மேல இருக்கிறதையும் தொடாத. இருபத்தஞ்சு."

பதினேழு.

"இருபத்தேழு."

தொண்ணூற்று ஏழு.

முதலாளி திறந்த வாயை மூடவில்லை. எனக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. நான்கே நான்கு புத்தகம் திறந்திருக்கிறோம், ஆனால் ஆயிரத்தில் பாதி, அந்தப் பாதியில் பாதி என்று பயம் என்னைவிட்டு நழுவிக்கொண்டே போயிருக்கிறது. இருபத்தாறாவது கட்டை எடுத்தேன். அதன் ஒரு முனையில் இருந்த புத்தகம் சரி, மறுமுனையில் இருந்தது தப்பு. கட்டைப் பிரித்தோம். பதின்மூன்றாவது புத்தகம், தப்பு. ஆறாவது, சரி. ஒன்பது, சரி. பதினொன்று, தப்பு. பத்து, சரி.

"அவ்ளோதான்" என்றார் அந்த அம்மா. "இருபத்தாறாவது கட்டு, பதினோராவது புக்கு. அங்கதான் என்னவோ நடந்திருக்கு."

திறந்தது மொத்தம் பதினோரு புத்தகம்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு உடம்பு சிலிர்க்க இடம் வேண்டுமா? தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி தெரியும்போது வருஷா வருஷம் எனக்கு மயிர்க்கூச்செறியும். மனுஷ மூளை வேலை செய்வதைப் பார்த்து அப்படி ஆனது அன்றைக்குத்தான் முதல்முறை. என் கண்ணெதிரில், அழுக்கு மேஜைப் பக்கத்தில், ஒரு மந்திரமும் இல்லாமல், நாற்பது கட்டு ஒரு கட்டாகி, ஒரு கட்டு ஒரு புத்தகமானது.

அதோடு விடவில்லை அவர். சரி என்று ஒதுக்கிய கட்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சிலவற்றை எடுத்துப் பார்க்கச் சொன்னார். "நாம நெனச்சது சரின்னு சீக்கிரமா சந்தோசப்பட்டுடக் கூடாது" என்றார். எல்லாம் சரியாகவே இருந்தன. அதற்கப்புறம்தான் என் சீட்டை வாசித்தார். "இருபத்தாறு, புதன்கிழமை, காலையில. புதன்கிழமை காலையில இங்க என்ன நடந்துச்சு?"

"கொரங்கு!" என்று கீழ்பென்னாத்தூர் அக்கா கத்தினார்.

ஆமாம், குரங்கு. பசைக்கு மைதா காய்ச்சிய வாசனைக்கு ஜன்னல் வழியாக இரண்டு குரங்குகள் இறங்கிவிட்டன. மேஜைமேல் ஓடியதில் நடுவில் இருந்த ஆறு அடுக்கும் சரிந்து விழுந்தன. வாசல் பக்கம் இருந்த முதல் அடுக்கும் கடைசி அடுக்கும் மட்டும் தப்பித்தன. விழுந்ததையெல்லாம் பொறுக்கி, நான்தான் மறுபடி அடுக்கினேன்.

"எங்க நின்னு அடுக்கின? நின்னு காட்டு."

மேஜையைப் பார்த்து நின்று, இடமிருந்து வலமாக, இரண்டு, மூன்று, நான்கு என்று கையைக் காட்டிக்கொண்டே போனேன்.

"இப்ப நீங்க சுத்துங்க" என்றார் மற்றவர்களிடம். அவர்கள் வழக்கம்போல மேஜை வலதுகைப் பக்கம் இருக்கும்படி சுற்றினார்கள். முதல் அடுக்கிலிருந்து நேராக ஏழாவதற்குப் போனார்கள்.

"ஏன் இந்தப் பக்கமா சுத்துறீங்க?"

"இதென்னங்கம்மா கேள்வி?" என்று கீழ்பென்னாத்தூர் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நம்ம ஊருல வேற எந்தப் பக்கமா சுத்துவாங்க? மேசையா இருந்தா என்ன, மலையா இருந்தா என்ன? இடமா சுத்தினா வெளங்குமா?"

அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, பதிப்பக அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டார். "கை எழுதற பக்கமா போயிருக்கு, காலு சாமி சுத்துற பக்கமா போயிருக்கு!" என்றார் அந்த அம்மா. எங்கள் கூடத்தில் எப்போதும் வலமிருந்து இடமாகத்தான் அடுக்குவோம், சுற்றுகிறவர்கள் வலமாக வருவார்கள் என்பதால். அது எனக்கே கவனத்தில் இல்லாத பழக்கம். குரங்கு வந்த பதற்றத்தில், எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டேன். யாரும் வேலையில் ஏமாற்றவில்லை, யாரும் அசட்டையாக இல்லை. ஆனாலும் தப்பு நடந்திருக்கிறது. தப்பு அப்படியும் நடக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவரை தப்பு என்றால் ஒரு குற்றவாளி வேண்டும், பெரும்பாலும் அது நான்தான்.

சரியானவை அறுநூற்று முப்பத்தைந்து இருந்தன. பிள்ளைகள் அறுநூறு. "அப்ப நாளைக்கு ஒண்ணும் கொறையில்ல. மீதிய அடுத்த வாரம் நூல அறுத்து மாத்தித் தெச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மா. முதலாளி வெளியே போய், எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்த டம்ளரில் மட்டும் ஆடை மிதந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்று பாதியில் நின்ற வாக்கியத்தை அவர் அப்புறம் முடிக்கவே இல்லை.

அந்த அம்மா போகவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களோடு தரையில் உட்கார்ந்து அட்டை ஒட்டினார். முதல் பத்துப் பன்னிரண்டு கோணல்மாணலாக இருந்தன. கீழ்பென்னாத்தூர் அக்கா அவற்றைப் பிடுங்கி, "மல்லாட்டைக்கு ஒட்டற மாதிரி ஒட்டாதீங்கம்மா" என்று திருப்பி ஒட்டினார். "சொல்லிக் குடுத்தாத்தானே தெரியும்" என்று அவர் அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் துண்டுச்சீட்டைக் காட்டிச் சொன்னார்.

"என் குச்சிங்க மாறினப்ப, எங்கிட்ட இந்த மாதிரி ஒரு சீட்டு இல்ல. அதான் ரெண்டு வருசம் போச்சு. பயந்துகினே எழுதினாலும் பரவால்ல, எழுதறத உட்டுடாத."

மறுநாள் என் வீட்டுக்காரரின் வேனில்தான் புத்தகங்கள் பள்ளிக்குப் போயின. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓரமாக நின்றேன். அந்த அம்மா பேச எழுந்ததும் நேற்றைய கதையைச் சொல்லிவிடுவாரோ, எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்களோ என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் தன்னுடைய குச்சி மாறிய கதையைத்தான் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில், "குறிச்சு வைக்கப் பழகுங்க. நேத்து ஒரு இடத்துல ஒருத்தங்க குறிச்சு வெச்சிருந்தத பாத்தேன், எனக்கே பொறாமையா இருந்துச்சு" என்றார். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தொட்டியில் முகம் கழுவுகிற மாதிரி நான் திரும்பிக்கொண்டேன்.

தப்பாய்ப் போன முந்நூற்று அறுபத்தைந்தில் இரண்டை மட்டும் நாங்கள் திருத்தவில்லை. ஒன்றை அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னொன்று என்னிடம் இருக்கிறது. பக்கங்களை முன்னும் பின்னும் தேடித் திருப்பி, ஆறு மாதத்தில் அதை முழுசாகப் படித்து முடித்தேன். கல்லூரி வாசலில் நின்ற அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். கடைசிப் பக்கத்தின் முதல் கோட்டில் பென்சிலால் என் பெயரை எழுதினேன். அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் இன்னும் மனசு வரவில்லை. பதிப்பக அக்காவின் சட்டத்தை மீறி வைத்திருக்கிறேன்.

நான்கைந்து வருஷம் கழித்து ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வர வேண்டிய என் வீட்டுக்காரர் நான்கு மணியாகியும் வரவில்லை. வெளியே நல்ல மழை. வழக்கம்போல மனசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டது. செருப்பைப் போட்டவள், நின்றேன். எது வரைக்கும் சரியா இருந்துச்சு? கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். ஒரு மணிக்கு அந்த வழியாகத்தான் போனார் என்றார்கள். அங்கே வரைக்கும் சரி. ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் பெட்ரோல் பங்குக்குப் போட்டேன். வரவில்லை என்றார்கள். அப்போ நடுவில்தான். பக்கத்து வீட்டுத் தம்பியை ஸ்கூட்டரில் அனுப்பினேன். நடுவழியில் வேன் பஞ்சராகி நிற்க, அவர் ஒரு கொட்டகையில் ஒதுங்கி, அவித்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தாராம்.

என் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துத்தான் பார்க்கிறேன், பௌர்ணமிக்கு மலையை வலமாகத்தான் சுற்றுகிறேன், ஆனால் சந்தேகம் வந்து பிடிக்கும்போது மட்டும், ஆயிரத்தையும் ஒன்றாகத் தலையில் தூக்கிக்கொள்ளாமல், நடுக்கட்டிலிருந்து ஒன்றை உருவித் திறந்து பார்க்கிறேன்.